பார்க்கின்சனுக்கு வீட்டுப் பயிற்சி: நடனமா, சைக்கிளா, தாய் சீயா, பிசியோ சொன்னதா?

பார்க்கின்சன் நோய் என்று உறுதியானதும் மாத்திரைச் சீட்டை நீட்டிக்கொண்டே டாக்டர் "தினமும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லியிருப்பார். எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம், பக்கத்தில் ஆள் வேண்டுமா என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் அடங்காது. வீட்டுக்கு வந்து விசாரித்தால் ஒருவர் நடனம் என்கிறார், இன்னொருவர் சைக்கிள், அடுத்தவர் தாய் சீ (மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சி), அதற்கடுத்தவர் குத்துச்சண்டை. ஆளுக்கொரு ஆய்வைக் கையில் வைத்திருக்கிறார்கள். எல்லோர் சொல்வதிலும் உண்மை இருப்பதால்தான் குழப்பமே.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2023-ல் இதை எடுத்து அலசியது. 150-க்கும் மேற்பட்ட சோதனைகள், 7,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். நடனம், தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி, நடை மற்றும் பேலன்ஸ் பயிற்சி என்று பெரும்பாலான வகைகள் பலன் தருகின்றன, ஆனால் ஒன்றைவிட இன்னொன்று பெரிதாக மேல் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை என்பதுதான் அதன் சாரம். அப்போ எது செய்தாலும் சரிதானே என்று கேட்டால், பாதி சரி. அந்தச் சோதனைகள் பலவற்றில் பக்கத்திலேயே ஒரு பயிற்சியாளர் நின்றிருந்தார். உங்கள் வீட்டில் எதிரே இருக்கப் போவது ஒரு திரை. அதனால் பயிற்சியின் பெயரைவிட, அந்த வீட்டில், அந்த ஆளுக்கு அது எப்படி நடக்கும் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

## எதை வைத்து அளப்பது

விழும் ஆபத்து. இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 231 பேரை வைத்து நடத்தி 2015-ல் வெளியிட்ட சோதனையில், அதிக மேற்பார்வை இல்லாமல் ஆறு மாதம் வீட்டிலேயே பேலன்ஸ் பயிற்சியும் கால் வலுப் பயிற்சியும் செய்ய வைத்தார்கள். நோய் லேசாக இருந்தவர்கள் விழுவது நன்றாகக் குறைந்தது. முற்றியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிரிட்டனில் 474 பேரை வைத்து நடந்த பிடிசேஃப் என்ற சோதனையில் (2019) பிசியோதெரபிஸ்டே வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். அப்படியும், நடுத்தர நிலையில் இருந்தவர்கள் குறைவாக விழுந்தார்கள். நோய் கடுமையாக இருந்தவர்களும், நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும் பிரச்சினை உள்ளவர்களும் கூடுதலாக விழுந்தார்கள். ஒரே பயிற்சி ஒருவரைத் தாங்கிப் பிடிக்கிறது, இன்னொருவரைத் தள்ளிவிடுகிறது.

எனவே எதையும் ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். கடந்த ஒரு வருடத்தில் அவர் விழுந்திருக்கிறாரா, அல்லது விழப் போய்ச் சமாளித்தாரா? வாசற்படியில், திரும்பும்போது, குறுகலான இடத்தில் கால் ஒட்டிக்கொள்கிறதா? இதோடு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள் (நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு). 16 விநாடிக்கு மேல் ஆனால் விழும் ஆபத்து கூடுதல் என்று எடுத்துக்கொள்வார்கள். இது வீட்டளவில் ஒரு குறிப்பு மட்டுமே, முடிவு சொல்ல வேண்டியது பிசியோதெரபிஸ்ட்.

மூச்சு வாங்குகிறதா. வீட்டுப் பயிற்சிகள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். அமெரிக்காவின் பார்க்கின்சன் அறக்கட்டளையும் விளையாட்டு மருத்துவத் துறையினரின் அமைப்பும் சேர்ந்து 2021-ல் கொடுத்த பரிந்துரை, மூச்சு வாங்கும் பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரமாவது வேண்டும் என்கிறது. தசை வலுவுக்கு இரண்டு மூன்று நாள், பேலன்ஸுக்கு இரண்டு மூன்று நாள், உடம்பை நீட்டி மடக்குவது அதோடு சேர்த்து. மொத்தத்தில் வாரம் 150 நிமிடம். எவ்வளவு மூச்சு வாங்க வேண்டும் என்பதற்கு 2018-ல் வந்த ஸ்பார்க்ஸ் சோதனை ஒரு குறிப்புக் கொடுக்கிறது. இன்னும் மாத்திரை ஆரம்பிக்காத 128 பேர். ஒரு குழு டிரெட்மில்லில் உச்ச இதயத் துடிப்பின் 80 முதல் 85 சதவீதம் வரை, வாரம் நான்கு நாள் என்ற இலக்கோடு, ஆறு மாதம். இன்னொரு குழு 60 முதல் 65 சதவீதம். வேகமாகச் செய்தவர்களுக்கு இயக்கக் கோளாறு மதிப்பெண் (நடுக்கம், விறைப்பு, மந்தம் இதையெல்லாம் அளந்து போடுவது, கூடினால் மோசம்) ஏறக்குறைய அப்படியே நின்றது, பயிற்சி செய்யாதவர்களுக்கு மோசமானது. நிதானமாகச் செய்த குழுவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை.

சதவீதக் கணக்கெல்லாம் வீட்டில் வேண்டாம். பார்க்கின்சன் உள்ள சிலருக்கு நரம்புக் கோளாறாலேயே இதயத் துடிப்பு ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது, ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் அதை அடக்கிவிடும். பேச்சை வைத்துப் பாருங்கள்: ஒரு சிறு வாக்கியம் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அளவு சரி. (பேச்சே மெலிந்துபோனவர்களுக்கு இதுவும் ஏமாற்றும், அப்போது பத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று கேட்டு 6, 7 வருகிறதா என்று பார்க்கலாம்.) இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்த வேகத்துக்குப் போகக் கூடாது.

நான்காவது மாதத்திலும் செய்வாரா. முதல் மூன்று வாரம் எல்லோரும் செய்வார்கள். பார்க்கின்சனில் மூளையின் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைவது கை காலை மட்டும் மந்தமாக்குவதில்லை, எதையாவது செய்ய வேண்டும் என்ற உந்துதலையும் சேர்த்தே குறைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சோம்பேறித்தனம் மாதிரித் தெரியும். அதற்காகத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. யாராவது காத்திருக்கிறார்கள், குறித்த நேரம் இருக்கிறது, பாட்டு ஓடுகிறது என்று வெளியிலிருந்து ஒன்று இழுக்க வேண்டியிருக்கும்.

பக்கத்தில் இருப்பவரின் நேரம். இது யாருடைய கணக்கிலும் வராது. வாரம் நான்கு முறை, போகவர எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றால், அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவியோ கணவரோ, அவருக்கும் வயதாகியிருக்கும், முழங்கால் வலி இருக்கும், வேறு வேலை இருக்கும்.

## நேரலை நடன வகுப்பு, திரை வழியாக

பார்க்கின்சனுக்கென்றே நடன வகுப்பு என்ற எண்ணத்தைப் பரவலாக்கியது நியூயார்க்கின் புரூக்லினில் 2001-ல் தொடங்கிய 'டான்ஸ் ஃபார் பிடி'. மார்க் மோரிஸ் நடனக் குழுவும் அங்குள்ள பார்க்கின்சன் குழுவும் சேர்ந்து ஆரம்பித்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி தொடங்கி, முடிந்தவர்கள் எழுந்து நின்று, பிறகு இடம் விட்டு இடம் நகர்ந்து ஆடுவது என்ற அமைப்பு அதில் உண்டு. 2020-ல் கோவிட் வந்தபோது இப்படிப்பட்ட வகுப்புகள் பலவும் திரைக்கு மாறின, அதனால்தான் இன்றைக்கு வீட்டிலிருந்தபடி சேர முடிகிறது.

நடனம் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. யோசிக்காமல் தானாக நடப்பது, திரும்புவது, கை வீசுவது இதையெல்லாம் ஓட்டுகிற மூளைப் பகுதிதான் இந்த நோயில் தடுமாறுகிறது. வெளியிலிருந்து ஒரு தாளம் வந்தால், அல்லது 'இந்தக் கோட்டைத் தாண்டு' என்று கண்ணுக்கு ஒரு குறி கிடைத்தால், அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக அசைவு வருகிறது. நடனத்தில் தாளம், கற்பனை, பார்த்துச் செய்வது, ஞாபகம் வைத்துக்கொள்வது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது. பின்னால் எட்டு வைப்பது, பக்கவாட்டில் நகர்வது, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவது போன்ற, அன்றாடத்தில் தவிர்த்துவிடுகிற அசைவுகளும் வந்துவிடுகின்றன.

ஆய்வுகளில் அதிகம் பார்க்கப்பட்டது டாங்கோ, வழக்கமாக இருவர் ஜோடியாக ஆடும் நடனம். 2012-ல் வெளியான ஒரு சோதனையில் வாரம் இரண்டு முறை, ஒரு வருடம் ஆடியவர்களை மாத்திரை வேலை செய்யாத நேரத்தில் சோதித்தபோதும் இயக்கமும் பேலன்ஸும் மேம்பட்டிருந்தன. ஆனால் வீட்டு ஆட்டத்துக்கு அதைவிட முக்கியமான ஆய்வு 2010-ல் வந்தது. ஒரு குழு துணையோடு டாங்கோ ஆடியது, இன்னொரு குழு அதே அடிகளைத் தனியாக ஆடியது. பேலன்ஸும் நடையும் இரண்டு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி முன்னேறின. வித்தியாசம் எங்கே என்றால், துணையோடு ஆடியவர்கள்தான் அதிகம் ரசித்ததாகவும் தொடர்ந்து ஆட விரும்புவதாகவும் சொன்னார்கள். தனியாக ஆடினாலும் உடம்புக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கும், நாளைக்கும் ஆட வேண்டும் என்ற ஆசைக்குத்தான் கூட ஒரு ஆள் வேண்டும் என்று நான் இதைப் படிக்கிறேன்.

வீட்டு வகுப்பின் மறைமுகச் செலவுகளுக்கு வருவோம். திரை தாழ்வாக இருந்தால், அதுவும் மேசைமேல் வைத்த மடிக்கணினி அல்லது போன் என்றால், முழு நேரமும் குனிந்தே ஆடுவார்கள், ஏற்கெனவே முன்னால் வளையும் முதுகுக்கு இது கேடு. திரை கண் மட்டத்தில் இருக்க வேண்டும், முடிந்தால் பெரிய டிவி. திரும்பும் அசைவு வந்தால் திரை முதுகுக்குப் போய்விடும், உடனே கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார், அந்த நொடியில்தான் தடுமாற்றம். ஆசிரியர் வலது என்றால் கண்ணாடி மாதிரியா நேராகவா என்ற குழப்பம் முதல் சில வகுப்புகளுக்கு இருக்கும். இணையம் திக்கினால் பாட்டும் அசைவும் பிரிந்துவிடும், தாளத்தை நம்பி நடப்பவருக்கு அது வெறும் எரிச்சலோடு நிற்காது. ஆசிரியருக்கு உங்கள் பாதம் தெரியாது, கால் ஒட்டிக்கொண்டதை அவர் கவனிக்க முடியாது. வகுப்பு நேரம் அவர்களுடையது, உங்கள் மாத்திரை நேரத்துக்கு ஒத்துவராமல் போகலாம், நேர மண்டலம் வேறு என்றால் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, உட்கார்ந்தும் நின்றும் மென்மையாக ஆடும் வகுப்பில் மூச்சு வாங்கும் அளவுக்கு வேகம் வருவது அரிது. நடனம் ஆடிவிட்டோம், இன்றைய பயிற்சி முடிந்தது என்று நினைத்தால் இரண்டாவது அளவுகோலில் அது தேறாது. உண்மையிலேயே வேர்க்க வேர்க்க ஆடுகிறவர் என்றால் இது பொருந்தாது, அவரை விட்டுவிடுங்கள்.

எப்போது இதுதான் சரி: மனச்சோர்வு, ஆட்களிடமிருந்து விலகிப் போவது, பயிற்சி என்றாலே முகம் சுளிப்பது இதெல்லாம் பெரிய பிரச்சினையாக இருக்கும்போது. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஆட முடிகிற வீட்டில் இதற்கு இன்னொரு லாபமும் உண்டு: "இன்னைக்குப் பயிற்சி செஞ்சீங்களா?" என்று ஒருவர் இன்னொருவரை விரட்டும் வேலை மிச்சம். அந்தக் கேள்வியால் எத்தனையோ வீடுகளில் சண்டை வருகிறது.

## பதிவு செய்த நடன வீடியோ

நேரலையின் குறைகள் பெரும்பாலும் இதிலும் உண்டு, மாத்திரை நேரத்துக்கு ஏற்ப எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், நடுவில் நிறுத்தலாம், அதே வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டு அடிகளை மனப்பாடம் செய்யலாம் என்பது மட்டும் கூடுதல். புதிதாக எதையும் கற்றுக்கொள்வது சிரமமாகிவிட்டவர்களுக்கு அந்தக் கடைசி விஷயம் பெரிய உதவி.

ஆனால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். நான்காவது மாதச் சோதனையில் முதலில் தோற்பது இதுதான் என்று நினைக்கிறேன். இதைத் தனித் தேர்வாக வைக்காமல், வாரம் ஒரு நேரலை வகுப்பு, மற்ற நாட்களில் வீடியோ என்று சேர்த்து வைத்தால் நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் வீடியோக்களில் பார்க்கின்சனுக்கென்று செய்ததைத்தான் எடுக்க வேண்டும். பொதுவான முதியோர் நடன வீடியோவில் திடீரென்று சுற்றச் சொல்வார்கள், வேகமாகக் குறுக்கே கால் வைக்கச் சொல்வார்கள்.

## உடற்பயிற்சி சைக்கிள்

நெதர்லாந்தில் நடந்த பார்க் இன் ஷேப் சோதனை (2019) வீட்டிலேயே நடந்தது, அதனால்தான் நமக்கு முக்கியம். நோய் லேசாக இருந்த 130 பேர். ஒரு குழுவுக்கு விளையாட்டுத் திரையோடு கூடிய நிலை சைக்கிள், இன்னொரு குழுவுக்கு உடம்பை நீட்டும் பயிற்சி. வாரம் மூன்று முறை, 30 முதல் 45 நிமிடம், ஆறு மாதம். மாத்திரை வேலை செய்யாத நேரத்தில் அளந்தபோது, சைக்கிள் குழுவுக்கு இயக்க மதிப்பெண் கொஞ்சம்தான் மோசமானது, மற்றக் குழுவுக்கு அதைவிட 4 புள்ளிக்கு மேல் மோசமானது. வீட்டிலேயே, தனியாக, மூச்சு வாங்கும் அளவுக்குப் பயிற்சி செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் நான் பார்த்ததில்லை. அதே சமயம் ஊக்கப்படுத்த ஒரு செயலியும் தொலைவிலிருந்து கண்காணிப்பும் அந்தச் சோதனையில் இருந்தன. வெறும் சைக்கிளை வாங்கி மூலையில் போட்டால் அதே பலன் வராது, துணி காயப்போட உதவும்.

கால் ஒட்டிக்கொள்பவர்களுக்கு ஒரு ஆச்சரியமான செய்தி. 2010-ல் நெதர்லாந்து நரம்பியல் மருத்துவர்கள் ஒரு 58 வயது நோயாளியைப் பற்றி எழுதினார்கள். பத்து வருடமாக நோய், சில எட்டு வைத்தாலே கால் ஒட்டிக்கொண்டு விழும் நிலை. அவரை சைக்கிளில் ஏற்றிவிட்டால் சிரமமில்லாமல் ஓட்டினார், இறங்கியதும் மறுபடி கால் ஒட்டிக்கொண்டது. மிதியின் சுழற்சியே ஒரு தாளம் மாதிரி வேலை செய்திருக்கலாம் என்பது ஒரு ஊகம். நடையில் தடுமாறுகிறவர் சைக்கிளிலும் தடுமாறுவார் என்று நாமாக முடிவு கட்ட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன், சாலையில் ஓட்டச் சொல்லவில்லை.

மறைமுகச் செலவு: சைக்கிள் பேலன்ஸைப் பழக்காது. திரும்புவதையும் பழக்காது. உட்கார்ந்தே செய்வதால் விழும் ஆபத்து குறைவு என்பதற்கும் இது பேலன்ஸுக்கு உதவாது என்பதற்கும் காரணம் ஒன்றுதான். ஆபத்து இருப்பது ஏறும்போதும் இறங்கும்போதும். காலைத் தூக்கிப் போட வேண்டாத, நடுவில் தாழ்வான மாடல், அல்லது முதுகு சாய்த்து உட்காரும் மாடல் எடுப்பது நல்லது. நோய் அதிகம் தாக்கிய பக்கத்துப் பாதம் மிதியிலிருந்து நழுவும், பட்டை போட்டால் நழுவாது, ஆனால் பட்டையைக் கழற்றாமல் இறங்கப் பார்த்து விழுந்தவர்களும் உண்டு. கைப்பிடிமேல் கவிழ்ந்து மிதித்தால் கூன் கூடும். எழுந்தால் ரத்த அழுத்தம் விழுகிறவர்கள் கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக மிதித்து, இறங்கும் முன் கொஞ்சம் உட்கார்ந்திருந்து, பிறகு பிடித்துக்கொண்டு எழ வேண்டும். சலிப்பு இன்னொரு செலவு. பாட்டோ, பார்க்கக் காத்திருக்கும் தொடரோ சைக்கிளில் இருக்கும்போது மட்டும் என்று வைத்துக்கொண்டால் கொஞ்சம் தாங்கும்.

டிரெட்மில் பற்றியும் கேட்பார்கள். ஸ்பார்க்ஸ் சோதனை அதில்தான் நடந்தது, உண்மை. அங்கே கண்காணிக்க ஆள் இருந்தார். வீட்டில் தனியாக, பாதுகாப்புப் பட்டையோ நிறுத்தும் கயிறோ இல்லாமல், நடையில் கோளாறு உள்ளவருக்கு ஓடும் பட்டை வேண்டாம். என்னைக் கேட்டால் இதில் பேச்சே இல்லை.

## தாய் சீ

2012-ல் அமெரிக்காவில் 195 பேரை மூன்றாகப் பிரித்து, தாய் சீ, வலுப் பயிற்சி, உடல் நீட்டல் என்று வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், 24 வாரம் செய்ய வைத்தார்கள். பேலன்ஸ் அளவுகளில் தாய் சீ குழு மற்ற இரண்டையும் முந்தியது. நீட்டல் குழுவோடு ஒப்பிட்டால் விழுவதும் குறைந்தது, வலுப் பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டால் விழுவதில் தெளிவான வித்தியாசம் இல்லை.

பேலன்ஸுக்காக ஒன்றே ஒன்று செய்வதென்றால், காகிதத்தில் இது வலுவான தேர்வு. சிக்கல் வீடியோ பார்த்துக் கற்பதில் இருக்கிறது. எடை எந்தக் காலில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் தாய் சீயின் உயிர், அதைத் திரையில் பார்த்துப் பிடிப்பது கஷ்டம், கையசைவை மட்டும் காப்பியடித்துவிட்டு காலைக் கட்டை மாதிரி வைத்துக்கொண்டிருப்பார்கள். முதல் ஒன்றிரண்டு மாதமாவது நேரில் ஆசிரியரிடம் போக முடிந்தால் நல்லது. மூச்சு வாங்காது. பாதி மடக்கிய முழங்காலில் நிற்க வேண்டும் என்பதால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். நிதானமானவர்களுக்குப் பிடிக்கும், பரபரப்பானவர்கள் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுவார்கள்.

## பிசியோ எழுதிக் கொடுப்பதும், பெரிய அசைவுப் பயிற்சியும்

பலருக்கு முதலில் கிடைப்பது இதுதான்: பத்துப் படம் போட்ட ஒரு தாள். அந்தத் தாளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2010-ல் ஜெர்மனியில் வந்த ஒரு சோதனை நல்ல பாடம். பெரிய பெரிய அசைவுகளாகச் செய்ய வைக்கும் எல்எஸ்விடி பிக் முறையை ஒரு குழு ஆசிரியரோடு நேருக்கு நேர் செய்தது: வாரம் நான்கு முறை, நான்கு வாரம், மொத்தம் 16 அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். முதல் குழுவுக்கு மதிப்பெண் தெளிவாக மேம்பட்டது, வீட்டுக் குழுவுக்கு மேம்படவில்லை.

பிசியோவே வேண்டாம் என்பதல்ல இதற்கு அர்த்தம். பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் *இவருக்கு* என்ன பிரச்சினை என்று பார்த்துச் சொல்ல முடியும்: படுக்கையில் புரள முடியவில்லையா, நாற்காலியிலிருந்து எழ முடியவில்லையா, வாசலில் கால் ஒட்டிக்கொள்கிறதா. அந்தக் குறிப்பிட்ட தொல்லைக்கு நடனமும் சைக்கிளும் அவ்வளவு நேராக உதவாது. பெரிய அசைவுப் பயிற்சியின் அடிப்படையும் எளிது. பார்க்கின்சனில் அசைவு சுருங்கிப்போகும், சுருங்கியது அவருக்கே தெரியாது, சாதாரணமாக நடப்பதாகத்தான் நினைப்பார். அதனால் மிகையாகத் தோன்றும் அளவுக்குக் கையை விரி, காலை எடுத்து வை என்று பழக்குகிறார்கள்.

மறைமுகச் செலவு திரும்பத் திரும்பப் பார்க்கப் போவது. முதல் சந்திப்போடு விட்டால் தாள் பழையதாகிவிடும், நோய் மாறியிருக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்த்து மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். சலிப்பில் சைக்கிளையும் மிஞ்சும்.

குத்துச்சண்டை பற்றி ஒரு வரி: எதிராளி இல்லாமல், பையைக் குத்தும் பயிற்சிதான் அது, நன்றாக மூச்சு வாங்கும், பலருக்குப் பிடிக்கிறது, ஆனால் வீட்டில் தனியாக வேகமாகக் குத்திக்கொண்டே கால் மாற்றுவது பேலன்ஸ் நன்றாக உள்ளவர்களுக்கு மட்டும்.

## ஒரே பார்வையில்

| | விழும் ஆபத்து | மூச்சு வாங்குமா | நீடிக்குமா | ஆள் வேண்டுமா | முக்கியமான மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| நேரலை நடனம் | நடுத்தரம், உட்கார்ந்து ஆடினால் குறைவு | பெரும்பாலும் போதாது | நன்றாக | நின்று ஆடினால் வேண்டும் | வகுப்பு நேரமும் மாத்திரை நேரமும் மோதுவது |
| நடன வீடியோ | அதே அளவு | பெரும்பாலும் போதாது | தனியாக என்றால் கஷ்டம் | நின்று ஆடினால் வேண்டும் | யாரும் காத்திருக்காதது |
| சைக்கிள் | ஏறி இறங்கும்போது மட்டும் | ஆம் | தூண்டுதல் இருந்தால் | ஏறி இறங்க | பேலன்ஸ் பழகாதது, இடம், வாங்கும் காசு |
| தாய் சீ | நடுத்தரம் | இல்லை | ஆளைப் பொறுத்தது | ஆரம்பத்தில் | சரியாகக் கற்க ஆகும் காலம் |
| பிசியோ பயிற்சி | ஆளுக்கேற்ப அமைக்கலாம் | அமைப்பைப் பொறுத்தது | சலிப்பு | நிலையைப் பொறுத்தது | மறுபடி மறுபடி போக வேண்டியது |

## யாருக்கு எது

புதிதாகக் கண்டறியப்பட்டவர், விழுந்ததில்லை, நன்றாக நடக்கிறார். சைக்கிளை அடித்தளமாக வையுங்கள், வாரம் மூன்று முறை, மூச்சு வாங்க. அதன் மேல் வாரம் இரண்டு முறை நடனமோ தாய் சீயோ, எது பிடிக்கிறதோ அது. வலுவுக்கு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போதும், ஆரம்பத்துக்கு. வேலைக்குப் போகிறவர் என்றால் எல்லாம் நடக்காது, சரி, சைக்கிளை மட்டும் விடாதீர்கள்.

கால் ஒட்டிக்கொள்கிறது, சில முறை விழுந்திருக்கிறார். தனியாக நின்று ஆடும் வீடியோ வேண்டாம். முதலில் பிசியோ. மூச்சுக்கு சாய்ந்து உட்காரும் சைக்கிள். நடனம் வேண்டும் என்றால் உட்கார்ந்து ஆடும் பகுதி முழுவதும், நிற்கும் பகுதி ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும், திரும்பும் அசைவில் ஒரே இடத்தில் சுழலாமல் பெரிய வளைவாக நடந்து திரும்ப வேண்டும். கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து முன்னால் இழுக்காதீர்கள், மேல் உடம்பு மட்டும் வரும். நிற்கச் சொல்லுங்கள், நிமிரச் சொல்லுங்கள், எடையை இடமும் வலமும் மாற்றி, அப்புறம் ஒரு பெரிய எட்டு.

நோய் முற்றியவர், நிற்கவே உதவி வேண்டும். உட்கார்ந்து ஆடும் நடனம் இங்கே மறுபடி முன்னால் வருகிறது. விரல், தோள், முகம், குரல் எல்லாவற்றையும் பாட்டோடு அசைக்கலாம், கூடவே வாய்விட்டுப் பாடினால் மெலிந்த குரலுக்கும் நல்லது. பயிற்சியாக எவ்வளவு சேரும் என்று கணக்குப் பார்க்க வேண்டாம், அந்த அரைமணி நேரம் அவர் நோயாளியாக இருக்க மாட்டார், அது போதும்.

தனியாக வசிப்பவர். சைக்கிள், அத்துடன் கேமராவை ஆன் செய்து சேரும் நேரலை வகுப்பு. வகுப்பில் ஒருவரிடமாவது அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணைக் கொடுத்து வைக்க வேண்டும். போன் சட்டைப் பையில் இருக்கட்டும், மேசையில் அல்ல.

மறதி கூடிக்கொண்டு வருபவர். புதிய அடிகள் வேண்டாம். அவருக்குப் பழக்கமான பாட்டுகள், அதே ஐந்தாறு அசைவுகள், அதே வரிசை, அதே நேரம்.

மூளையில் மின்முனை வைத்த அறுவை சிகிச்சை செய்தவர், அல்லது மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தானாக வளைந்து நெளிபவர். எதை எப்போது தொடங்கலாம் என்பதை நரம்பியல் மருத்துவரே சொல்ல வேண்டும்.

## எதை எடுத்தாலும் செய்ய வேண்டியவை

மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் செய்யுங்கள். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபா எடுத்து அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பலருக்கு உடம்பு இளகும், ஆளுக்கு ஆள் மாறும், ஒரு வாரம் குறித்து வைத்தால் அவருடைய நேரம் தெரிந்துவிடும். தரை விரிப்புகளை எடுத்துவிடுங்கள், ஒயர்களை ஓரம் கட்டுங்கள். கைப்பிடி உள்ள, சக்கரம் இல்லாத, கனமான நாற்காலி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் சுவரை ஒட்டி இருக்கட்டும். வெறும் காலுறையோடு ஆடக் கூடாது, வழுக்கும். தரையைக் கவ்விப் பிடிக்கும் தடித்த ரப்பர் அடியும் ஆகாது, காலைத் தேய்த்து நடப்பவருக்கு அது தடுக்கும்.

ஆரம்பிக்கும் நாளில் அந்த ஐந்து முறை எழுந்து உட்காரும் நேரத்தைக் குறித்து வையுங்கள், இரண்டு மாதம் கழித்து, மாத்திரை எடுத்து அதே அளவு நேரம் ஆனபிறகு மறுபடி பாருங்கள். நேரம் குறைந்திருந்தாலோ அப்படியே இருந்தாலோ தொடரலாம், கூடிக்கொண்டே போகிற நோயில் அப்படியே இருப்பது லாபம்தான். கூடியிருந்தால், அல்லது இடையில் ஒருமுறை விழுந்திருந்தாலும், பயிற்சியை மாற்றும் முன் பிசியோவிடம் காட்டுங்கள். சில சமயம் பயிற்சியில் தப்பு இருக்காது, மாத்திரை நேரமோ அளவோ மாற வேண்டியிருக்கும். வாரத்தில் பாதி நாள் நடக்கவே இல்லை என்றால் அந்தத் தேர்வு அந்த வீட்டுக்குச் சரிப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு, அட்டவணையில் 'நீடிக்குமா' என்ற பத்தியை மட்டும் பார்த்து அடுத்ததை எடுங்கள்.